தொட்டி மரத்துப் பூச்சி வயலுக்கும் வரும்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்குச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி. சென்னையின் நெரிசலைக் குறைக்கும் துணை நகரமாக மறைமலை நகர் அமைக்கப்பட்ட பின், சுற்று வட்டாரத்தில் தொழிற்சாலைகளும் வீட்டு மனைகளும் பெருகின. சாகுபடி நிலம் குறைந்தது. ஆனால் வீடுகள் கூடக் கூட, வாசலுக்கும் மாடிக்கும் வேண்டிய செடிகளின் தேவையும் கூடியது. கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு நாற்றுப்பண்ணை ஒரு வருவாய் வழியாகிவிட்டது. அதிலும் போன்சாய் என்னும் குட்டை மரம் மற்றத் தொட்டிச் செடிகளைவிடக் கூடுதல் விலைக்குப் போகிறது. பல ஆண்டு உழைப்பு அந்த ஒரு தொட்டியில் அடங்கியிருப்பதே அதற்குக் காரணம்.

இந்தக் குட்டை மரங்களைப் பற்றி விவசாயிகளிடையே ஓர் எண்ணம் நிலவுகிறது. "அது பணக்காரர் வீட்டு அலங்காரம், அதில் பூச்சி விழுந்தால் தொட்டி வைத்திருப்பவர் பாடு, வயலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறார்கள். நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர்களில் பலரோ, இலையில் வெள்ளையாக எதைக் கண்டாலும் கையில் இருக்கும் மருந்தைக் கலந்து தெளித்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. தொட்டியில் இருக்கும் பூச்சிக்கும் வயலில் இருக்கும் பூச்சிக்கும் வேறுபாடு கிடையாது. எந்தப் பூச்சி என்று தெரியாமல் அடிக்கும் மருந்து, பூச்சியைவிட அதன் எதிரியைத்தான் முதலில் கொல்கிறது.

போன்சாய் என்பது தனி மரவகை அல்ல. ஆல், அரசு, அத்தி, புளி, கொடுக்காப்புளி, மாதுளை, எலுமிச்சை, காகிதப்பூ ஆகியவற்றை ஆழமில்லாத தொட்டியில் வைத்து, கிளையையும் வேரையும் அவ்வப்போது வெட்டிக் குறுக்கி வளர்ப்பதே போன்சாய். மரம் குட்டையாகிவிட்டதால் அதற்கு வரும் பூச்சி மாறிவிடாது. தோப்பில் நிற்கும் எலுமிச்சைக்கு எவை வருமோ அவையே தொட்டி எலுமிச்சைக்கும் வரும். ஒரு வேறுபாடு உண்டு. தோப்பு மரம் நூறு இலை போனாலும் தாங்கும். குட்டை மரத்திற்கு இருப்பதே சில நூறு இலைகள். ஒரு கிளை காய்ந்தால் பல ஆண்டு உழைப்பு வீணாகும்.

செடியோடு பயணம் செய்யும் பூச்சி

பூச்சி தானாகப் பறந்து போகும் தூரம் குறைவு. செடியோடு வண்டியிலும் கப்பலிலும் விமானத்திலும் போகும் தூரமே அதிகம். 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டக்வில்லா என்ற ஊரில் ஒரு நாற்றுப்பண்ணைக்குக் கொரியாவிலிருந்து போன்சாய் மரங்கள் வந்திறங்கின. அவற்றின் தண்டுக்குள் எலுமிச்சை நீள்கொம்பு வண்டின் புழுக்கள் இருந்தன. மாமரத்தைத் துளைக்கும் தண்டு துளைப்பானின் குடும்பத்தைச் சேர்ந்த வண்டு இது. சில வண்டுகள் வெளியே பறந்துவிட்டன. அவை பரவிவிடக் கூடாது என்பதற்காகச் சுற்றுப்புறத்தில் சுமார் ஆயிரம் மரங்களை வெட்ட நேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இத்தாலியில் மிலான் நகருக்கு அருகே இதே வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அங்கு அது ஊருக்குள் ஊன்றிவிட்டதால் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டியும் எளிதில் ஒழிக்க முடியவில்லை.

இந்த அனுபவங்களுக்குப் பின் குட்டை மரங்களை எவரும் அற்பமாக எண்ணுவதில்லை. ஐரோப்பிய நாடுகளுக்குள் இவை போக வேண்டுமானால், அனுப்புவதற்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டு பதிவு பெற்ற நாற்றுப்பண்ணையில் வளர்ந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 6 முறையாவது அதிகாரிகள் சோதித்திருக்க வேண்டும். தொட்டிகள் தரையில் வைக்கப்படாமல் 50 சென்டிமீட்டர் உயரப் பலகை மேல் இருக்க வேண்டும் என்று விதி உள்ளது. இந்த விதிகளில் பலவற்றைப் பெரிய செலவில்லாமல் மறைமலை நகர் வட்டாரச் சிறு பண்ணைகளிலும் கடைப்பிடிக்கலாம். அது பின்னர் விளக்கப்படுகிறது.

தமிழ்நாடு கண்ட பாடம்

கடல் கடந்த ஊர்களின் கதை எதற்கு என்று கேட்பவர்கள் 2008ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு ஜூலையில் கோவையில் பப்பாளி மரங்களில் ஒரு புதிய மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி அது. 1998இல் அமெரிக்காவின் புளோரிடாவில் அது முதலில் அகப்பட்டது பப்பாளியில் அல்ல. அழகுக்கு வளர்க்கும் செம்பருத்தியில். பின்னர் பசிபிக் தீவுகளுக்குச் சென்று, 2008இல் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் தலைகாட்டியது.

ஒரு பெண் பூச்சி 100 முதல் 600 வரை முட்டையிடும். எதிரியே இல்லாத புதிய நாட்டில் அது பெருகியதில் வியப்பில்லை. பப்பாளியை அடுத்து மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கொய்யா, கத்தரி என்று பரவியது. செம்பருத்தி வேலியிலும், துத்தி, பார்த்தீனியம் போன்ற களைகளிலும் தங்கியது. பட்டுப்புழு வளர்ப்போர் மல்பெரி இலை இல்லாமல் தவித்தார்கள். மரவள்ளி விவசாயிகள் திரும்பத் திரும்ப மருந்து அடித்தார்கள். மாவுப்பூச்சியின் உடலை மூடியிருக்கும் மெழுகுப் பொடியில் மருந்து ஒட்டாமல் வழிந்தது. சில வாரங்களில் பூச்சி மீண்டும் வந்தது.

தீர்வு மருந்துக் கடையிலிருந்து வரவில்லை. 2010இல், இன்று தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் என்று அழைக்கப்படும் பெங்களூர் நிறுவனம், அமெரிக்க வேளாண் துறையின் உதவியுடன் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது. மாவுப்பூச்சியின் இளங்குஞ்சுக்குள் அது முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று, குளவியாகி வெளியேறும். முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் குளவியைப் பெருக்கினார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் அந்த அக்டோபர் முதல் அவற்றை விவசாயிகளின் நிலங்களில் விட்டன. சில மாதங்களில் பூச்சி அடங்கியது. அதே இடத்தில் தொடர்ந்து மருந்து அடித்துக்கொண்டிருந்தால் குளவியும் பிழைத்திருக்காது.

2020இல் கேரளத்தின் திருச்சூரில் தென்பட்டு, சேலம், நாமக்கல் பக்கம் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சியும் இதே பாடத்தைத்தான் சொன்னது. அது கரணையோடு பயணம் செய்யும் பூச்சி. ஆப்பிரிக்காவில் 1970களில் பரவி மக்களின் உணவையே பறித்தது. அங்கு அதை அடக்கிய அனகைரஸ் லோபெசி என்ற குளவியை பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடத் தொடங்கினார்கள்.

இரண்டு அனுபவங்களிலிருந்தும் தெரிவது ஒன்றே. பூச்சி வருவது செடி மூலம்; அடங்குவது அதன் எதிரி மூலம். எனவே செடி விற்கும் இடத்தில்தான் காவல் தேவை. அங்கு கண்டபடி மருந்து அடிப்பதைக் காவல் என்று சொல்ல முடியாது.

அடையாளம் காணும் முறை

தொட்டி மரத்தை வாரம் ஒரு முறையாவது கையில் எடுத்து, வரிசை தவறாமல் பார்க்க வேண்டும். முதலில் எறும்பு, அடுத்து இலையின் மேல்புறம், பின் இலையின் அடிப்புறம், கிளைக் கக்கம், அடித்தண்டு, கடைசியில் தொட்டியின் மண். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் போதும்.

எறும்பு: தண்டில் எறும்பு சாரி சாரியாக ஏறி இறங்கினால், மேலே சாறு உறிஞ்சும் பூச்சி இருக்கிறது என்று பொருள். மாவுப்பூச்சி, செதில் பூச்சி, அசுவிணி மூன்றும் இனிப்பான கழிவு நீரை வெளிவிடும். அதற்காக எறும்பு அவற்றுக்குக் காவல் நிற்கிறது. பொறிவண்டையும் குளவியையும் விரட்டுகிறது. அந்தக் கழிவு இலையில் படிந்தால் முதலில் எண்ணெய் தடவியது போல மினுக்கும்; பின்னர் கரும்பூசணம் படரும். கரியைக் கண்டவுடன் பூசண மருந்து அடிப்பவர்கள் உண்டு. பூச்சி போனால்தான் கரி போகும்.

மாவுப்பூச்சி: கிளைக் கக்கத்திலும் நரம்போரத்திலும் பஞ்சு ஒட்டியது போல் இருக்கும். ஊசியால் கிளறினால் பஞ்சின் அடியில் மெல்ல நகரும். பப்பாளி மாவுப்பூச்சியை நசுக்கினால் மஞ்சள் நீர் வரும்.

செதில் பூச்சி: தண்டில் பழுப்பு மச்சம் போல அசையாமல் ஒட்டியிருக்கும். மரத்தின் பட்டையே அப்படித்தான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நகத்தால் சுரண்டினால் பட்டை என்றால் பச்சைக் காயம் தெரியும். செதில் என்றால் மூடி போலத் தனியே பெயர்ந்து வரும்.

இலைப்பேன்: ஆல், அத்தி இனக் குட்டை மரங்களில், குறிப்பாகச் சிறு இலை கொண்ட அழகு அத்திகளில், இளம் இலை நடுநரம்பில் இரண்டாக மடிந்து மூடிக்கொள்ளும். பிரித்தால் உள்ளே கறுப்பு நிற இலைப்பேன்களும் வெளிறிய குஞ்சுகளும் இருக்கும். மடிப்புக்குள் மருந்து போகாது. அந்த இலைகளைக் கிள்ளி எடுத்து எரித்துவிடுவதே தக்க வழி.

வெள்ளை ஈ: தொட்டவுடன் இலையின் அடியிலிருந்து வெண்பொடி போல எழும்பிப் பறக்கும். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ, முட்டையைச் சுருள் கோலம் போட்டது போல இடும். கொய்யா, வாழை, சப்போட்டா முதலியவற்றிலும் அது வரும்.

சிவப்புச் சிலந்திப் பேன்: இது பூச்சி இனமே அல்ல, எட்டுக் கால் உடையது. கோடை வெயிலில், அதிலும் சுவரின் சூடு படும் தொட்டிகளில் அதிகம். இலை மேல் ஊசி குத்தியது போல வெளிர்ப் புள்ளிகள் தோன்றும். வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்துத் தட்டினால் சிவப்புப் புள்ளிகள் ஊர்வது தெரியும். பூச்சிமருந்து இதற்குப் பலிக்காது. இதைத் தின்னும் நல்ல உண்ணிகள்தான் சாகும். பேன் முன்னைவிட அதிகமாகும்.

தண்டு துளைப்பான்: தொட்டி மண்மேல் அல்லது அடித்தண்டில் மரத்தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே புழு இருக்கிறது. தூள் வரும் துளையைத் தேட வேண்டும்.

வேர் மாவுப்பூச்சி: தண்ணீர் சரியாக ஊற்றியும் மரம் வாடினால் தொட்டியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். வேரிலும் தொட்டியின் உட்சுவரிலும் வெண்பொடி பூத்திருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. இதைக் கண்டுகொள்ளாமல் "சத்துக் குறைவு" என்று உரம் போடுபவர்கள் மரத்தை விரைவில் இழக்கிறார்கள்.

வெள்ளை எல்லாம் பகை அல்ல

மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அதைப் போலவே வெள்ளை இழைகள் போர்த்த, ஆனால் அதைவிடப் பெரிதான ஒரு புழு வேகமாக ஓடுவதைப் பார்க்கலாம். "பெரிய மாவுப்பூச்சி" என்று எண்ணி அதைத்தான் முதலில் நசுக்குகிறார்கள். உண்மையில் அது மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. காப்பிப் பயிரின் செதில் பூச்சியை அடக்குவதற்காக 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட நண்பன். மாவுப்பூச்சி மெல்ல நகரும், இது ஓடும். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்திருந்தாலே பல தொட்டிகள் பிழைக்கும். அதேபோல் மாவுப்பூச்சி அல்லது அசுவிணி உப்பிப் பழுப்பாகிக் காய்ந்திருந்தால், அதற்குள் குளவி வளர்கிறது. அதைக் கழுவி எறியாமல் விட்டுவைக்க வேண்டும்.

நீலகிரியில் 1928இல் சீகை மரங்களில் பஞ்சுச் செதில் பூச்சி பரவியபோது, அதை அடக்கியதும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு பொறிவண்டுதான். பொறிவண்டையும் புழுப் பருவத்திலேயே அடையாளம் காணத் தெரிந்த விவசாயிக்கு மருந்துச் செலவு பாதியாகக் குறைய வழி உண்டு.

சிகிச்சை: கையில் தொடங்கி மருந்தில் முடிக்க வேண்டும்

முதல் வேலை, பூச்சி கண்ட தொட்டியை மற்றவற்றிலிருந்து தனியே ஒதுக்கி வைப்பது. இரண்டாவது, எறும்பைத் தடுப்பது. பலகாரப் பெட்டியின் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது எல்லா வீட்டிலும் தெரிந்த முறை. தொட்டி வைத்திருக்கும் பலகையின் நான்கு கால்களுக்கும் அதையே செய்யலாம். கொசு முட்டையிடாதபடி இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்ற வேண்டும். எறும்பு விலகினாலே பொறிவண்டும் குளவியும் தம் வேலையைத் தொடங்கிவிடும்.

மூன்றாவது, கையால் எடுப்பது. தோப்பில் இது ஆகாத காரியம். குட்டை மரத்தில் எளிது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துச் செதில் பூச்சியைத் தேய்த்து எடுக்கலாம். மாவுப்பூச்சியைப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒற்றி எடுக்கலாம். முதலில் ஓர் இலையில் சோதித்து, கருகவில்லை என்று கண்ட பிறகே செய்ய வேண்டும். அசுவிணி, வெள்ளை ஈ, சிலந்திப் பேன் ஆகியவற்றுக்கு இலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பெரும்பகுதி போய்விடும். அப்போது தொட்டி மண் கரையாமல் துணியால் மூடிக்கொள்ள வேண்டும்.

இவற்றுக்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்ப எண்ணெய் 5 மில்லி, அது கலப்பதற்குச் சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து இலையின் இரு புறமும் படும்படி தெளிக்கலாம். மாவுப்பூச்சிக்கு மீன் எண்ணெய் சோப்பு லிட்டருக்கு 25 கிராம் நல்ல பலன் தரும்; அது மெழுகுப் பூச்சைக் கரைக்கும். வேப்பங்கொட்டை கிடைக்கும் காலத்தில், லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டிய சாறும் ஏற்றது. எதைத் தெளித்தாலும் வெயில் சாய்ந்த பின் தெளிக்க வேண்டும். ஒரு முறை தெளித்தால் முட்டை சாகாது. அதனால் 7 முதல் 10 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை திரும்பத் தெளிக்க வேண்டும். சிலந்திப் பேனுக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம். கடும் வெயிலிலும், எண்ணெய் தெளித்த சில வாரங்களுக்குள்ளும் கந்தகம் கூடாது. இலை கருகும்.

துளைப்பானுக்கு மெல்லிய கம்பியைத் துளைக்குள் செலுத்திப் புழுவைக் குத்தி எடுத்து, துளையைக் களிமண்ணால் அடைக்கலாம். வேர் மாவுப்பூச்சிக்கு மரத்தை எடுத்து, பழைய மண்ணை முழுதும் உதறி, வேரைக் கழுவி, வெயிலில் நன்கு காய்ந்த புது மண்ணில் வைக்க வேண்டும். பழைய மண்ணை வயலில் கொட்டக் கூடாது. கன்றின் பூச்சியை வயலுக்குக் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் அந்த மண்தான்.

இரசாயன மருந்து கடைசி ஆயுதம். பூச்சியின் பெயரைச் சொல்லி, வேளாண் அலுவலரின் பரிந்துரை பெற்று, மரத்திற்கும் பூச்சிக்கும் உரியதை மட்டுமே வாங்க வேண்டும். தொட்டிச் செடிகளுக்குப் பலர் பழகிப்போன டைக்ளோர்வாஸ் திரவமும் போரேட் குருணையும் 2018இல் மத்திய அரசு பிறப்பித்த ஆணைப்படி 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டவை. பழைய இருப்பு என்று எவரேனும் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. குட்டை மரம் இருக்கும் இடம் வீட்டு முற்றம், படுக்கை அறைச் சன்னல் ஓரம். குழந்தைகள் கை வைக்கும் இடம். வயலில் அடிக்கும்போதே முகமூடி வேண்டும் என்றால், வீட்டில் வைக்கும் செடிக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

மறுப்புகளுக்குப் பதில்

"குளவி வரும் வரை காத்திருந்தால் வியாபாரம் போய்விடும்" என்று பண்ணைக்காரர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. விற்பனைக்கு நிற்கும் தொட்டியில் பூச்சியோடு காத்திருக்க முடியாது. அங்கு கையால் எடுப்பதும் சோப்பும் வேப்ப எண்ணெயும்தான் வழி. ஆனால் பண்ணையைச் சுற்றியுள்ள வேலியிலும் தோப்பிலும் மருந்து அடிக்காமல் விட்டால்தான், குளவியும் பொறிவண்டும் அங்கு தங்கி ஊருக்கே காவலாக இருக்கும். இரண்டுக்கும் இடம் வேறு, முறை வேறு.

"மருந்து அடித்தால் ஒரே நாளில் முடியும் வேலையை ஏன் மூன்று வாரம் செய்ய வேண்டும்?" என்பது அடுத்த கேள்வி. ஒரே நாளில் முடிந்தது போலத் தோன்றுமே தவிர, மெழுகுக்கு அடியில் இருக்கும் முட்டை முடியாது. 2008 முதல் 2010 வரை மேற்கு மாவட்ட விவசாயிகள் பணம் செலவழித்துக் கற்ற பாடம் அது.

"சிறு பண்ணைக்கு இத்தனை விதியா?" என்ற கேள்வியும் எழும். பண்ணை சிறிது, ஆனால் அங்கிருந்து செடி போகும் வீடுகள் நூற்றுக்கணக்கானவை. ஒரு மரவள்ளி விவசாயி தன் நிலத்தில் மட்டும் பூச்சி வளர்க்கிறார். கவனமில்லாத நாற்றுப்பண்ணையோ அதை ஊர் ஊராக அனுப்பி வைக்கிறது.

செய்ய வேண்டியவை

மறைமலை நகர் வட்டாரப் பண்ணைகள் நான்கு காரியங்களை வழக்கமாக்கிக்கொள்ளலாம். வெளியூரிலிருந்து வாங்கிவரும் செடியை வந்தவுடன் மற்றவற்றோடு சேர்க்காமல், மூன்று வாரமாவது தனி மூலையில் வைத்துக் கவனிப்பது. தொட்டிகளைத் தரையில் வைக்காமல், செங்கல் அடுக்கி அதன்மேல் பலகை போட்டு உயர்த்தி வைப்பது. கவாத்து செய்த கிளை, உதிர்ந்த இலை, பழைய மண் ஆகியவற்றைப் பண்ணை ஓரத்தில் குவிக்காமல் அழிப்பது. வெட்டும் கத்தரியை ஒவ்வொரு மரத்திற்குப் பின்னும் துடைத்துச் சுத்தம் செய்வது. இவற்றுக்குப் பணம் அதிகம் தேவையில்லை, பழக்கம்தான் தேவை.

செடி வாங்க வரும் விவசாயிக்கும் கடமை உண்டு. கொய்யா ஒட்டுக் கன்று வாங்கினாலும் குட்டை ஆல் வாங்கினாலும், இலையைத் திருப்பிப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. எறும்பு ஏறும் கன்று எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அரசின் பங்கும் சிறிதல்ல. வெளிநாட்டுப் பூச்சிகள் செடியோடு நுழைவதைத் தடுக்க 1914ஆம் ஆண்டிலேயே அழிக்கும் பூச்சிகள் சட்டம் வந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் 1919இல் இயற்றப்பட்ட பயிர்ப் பூச்சி, நோய்கள் சட்டம், ஒரு வட்டாரத்தில் பூச்சி பரவியதாக அறிவித்து, நிலம் வைத்திருப்போர் அனைவரும் அதை ஒழிக்க வேண்டும் என்று உத்தரவிட இடம் கொடுத்தது. நூறு ஆண்டுக்கு முன்பே பூச்சியை ஒருவர் பிரச்சினையாகப் பார்க்காமல் ஊர்ப் பிரச்சினையாகப் பார்த்தார்கள். பஞ்சாபில் 1961லும் மகாராஷ்டிரத்தில் 1969லும் பழக்கன்று நாற்றுப்பண்ணைகளை முறைப்படுத்தத் தனிச் சட்டங்களே செய்யப்பட்டன. பழக்கன்றுக்கு இருக்கும் அக்கறை அழகுச் செடிக்கும் குட்டை மரத்திற்கும் இருக்க வேண்டும். பூச்சிக்கு இது பழமரம், இது அலங்கார மரம் என்ற பாகுபாடு தெரியாது.

அதற்காக அபராதச் சீட்டோடு அதிகாரிகளை அனுப்புவது பயன் தராது. அது பூச்சியை மறைக்கச் சொல்லிக் கொடுக்கும். ஒழிக்கச் சொல்லிக் கொடுக்காது. தேவைப்படுவது உதவி. மறைமலை நகருக்குப் பக்கத்திலேயே காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இத்தகைய நிலையங்களில் மாதம் ஒரு நாள் நாற்றுப்பண்ணைக்காரர்களை அழைத்து, பூச்சி பிடித்த கிளையைக் கையோடு கொண்டுவரச் சொல்லி, லென்ஸில் பார்த்துப் பெயர் சொல்லிக் கொடுத்தால் போதும். இதுவரை காணாத பூச்சி எவர் பண்ணையில் தென்பட்டாலும், பயமின்றி வந்து சொல்லும் நிலை ஏற்பட வேண்டும். 2008இல் கோவையில் பூச்சியைக் கண்டதற்கும் 2010இல் குளவி வந்ததற்கும் இடையே இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அந்த இடைவெளியில் நட்டப்பட்டது சிறு விவசாயிதான். அடுத்த முறை அந்த இடைவெளி குறைய வேண்டுமானால், பூச்சியை முதலில் காணும் கண் நாற்றுப்பண்ணையில் இருக்க வேண்டும்.

குட்டை மரம் வளர்ப்பவர் தினமும் தன் மரத்தின் ஒவ்வோர் இலையையும் பார்க்கிறார். வயலில் அப்படிப் பார்க்க எந்த விவசாயிக்கும் நேரமில்லை. அதனால் புதிய பூச்சி வந்தால் முதலில் தெரியக்கூடிய இடம் தொட்டி மரம்தான். அங்கு கண்டதை மருந்தால் மூடி மறைக்காமல், பெயர் தெரிந்து, உரியவரிடம் சொல்லி, உரிய முறையில் ஒழித்தால், அந்தப் பண்ணை தன் மரத்தோடு அக்கம்பக்கத்து வயல்களையும் காப்பாற்றியதாகும்.